ஒரு பிறப்புப் பதிவும் இரண்டு நாடுகளும்

மும்பையில் இரு தமிழர் முதன்முதலாகச் சந்தித்தால், பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்டுக்கொள்வது ஊரைத்தான். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ மூன்று தலைமுறையாக வாழ்ந்துவரும் குடும்பத்தாரும் அக்கேள்விக்கு மும்பை என்று விடையிறுப்பதில்லை. திருநெல்வேலி என்பர்; வேலூர் என்பர்; பாலக்காடு என்பர். நாங்களும் அவ்வாறே கும்பகோணத்துக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூரின் பெயரைச் சொல்லி வளர்ந்தோம். அவ்வூரில் இன்று எங்களுக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை. குலதெய்வம் ஒன்றுதான் இருக்கிறது. எங்கள் தந்தையார் அவ்வூரில் பிறந்தவர் அல்லர் என்பது எங்கள் நால்வருக்கும் சிறு வயது முதலே தெரியும். ஆயினும் அதனை ஒரு செய்தியாக நாங்கள் கருதியதில்லை. வீட்டில் யாருக்கோ ஒரு பழைய காய்ச்சல் வந்து போனதைப் போல, தெரிந்திருந்தும் பேசாத ஒன்றாக அது இருந்தது. கடைத்தம்பியின் மகன் இங்கிலாந்துக்குப் போக விரும்பிய பிறகே அதனைப் பேச நேர்ந்தது.

எங்கள் தாத்தா 1920களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். கங்காணி ஒருவர் ஊருக்கு வந்து ஆள் சேர்த்துச் சென்ற காலம் அது. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், அந்நாளில் வெல்லெஸ்லி மாகாணம் என்றும் இன்று செபராங் பிறை என்றும் வழங்கும் பகுதியில், ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. 1934இல் அத்தோட்டத்து லயத்தில் எங்கள் தந்தையார் பிறந்தார். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிப் பயணத்தில் தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்தது. போனவர்கள் போனவர்களாகவே இருந்தனர். 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தனர். தாத்தாவின் தம்பியைச் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோயினர், அவர் திரும்பவில்லை. அப்பாயி 1944இல் தோட்டத்திலேயே இறந்துபோனார். போர் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும், 1946இல், தாத்தா தம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பது பள்ளித் தலைமையாசிரியருக்குச் சிக்கலாயிற்று. ஆக்கிரமிப்பு ஆண்டுகளில் பையன் பள்ளிக்கே போகவில்லை. ஆகவே அவர் அந்நாளைய வழக்கப்படி இரண்டு ஆண்டுகளைக் குறைத்துப் பிறந்த ஆண்டு 1936 என்று எழுதினார். பிறந்த இடம் என்ற இடத்தில் ஊரின் பெயரையே எழுதினார். தாத்தா மறுக்கவில்லை. மறுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மையாக இருக்கும். அந்தப் பதிவே பின்னர்ப் பள்ளியிறுதிச் சான்றிதழ் ஆயிற்று. 1955இல் தந்தையார் பம்பாய்க்கு வந்து மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தபோது பணிப்பதிவேட்டிலும் ஏறிற்று. ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு என்றிருந்த காலத்தில், 1992இல் ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர் 1994இல் பெற்றார். இம்மாதிரி இரண்டு ஆண்டுகள் நம் வீடுகளில் எத்தனை பேருக்கு உண்டு என்று எண்ணத் தொடங்கினால் விரல்கள் போதா.

உண்மையான பிறப்புச் சான்று ஒரு தகரப் பெட்டியில், நிலப் பத்திரங்களோடு கிடந்தது. நிலம் விற்றுப்போன பின்பும் பத்திரங்களின் நகல்கள் கிடந்தன. அவற்றோடு அதுவும் கிடந்தது. நீரிணைக் குடியேற்றங்கள் என்ற தலைப்பும் முடியரசின் சின்னமும் உடைய அத்தாளின் கீழ்ப்பாதியைக் கரையான் தின்றிருந்தது. தந்தையார் 2009இல் காலமானார். பெட்டியைத் திறந்த நாங்கள் அத்தாளைப் பார்த்தோம்; மடித்து மீண்டும் உள்ளே வைத்தோம்.

தம்பி மகன் 1994இல் பிறந்தவன். பொறியியல் படித்தவன். 2016இல் ஒருநாள், ‘பெரியப்பா, தாத்தா பிரிட்டிஷ்காரராமே?’ என்று அவன் கேட்டபோது நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. பாட்டனார் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் பிறந்திருந்தால் பேரனுக்கு வம்சாவழி விசா உண்டு என்றும், ஐந்து ஆண்டு அங்கே வேலை செய்தால் நிரந்தர வாசமும் பின்னர்க் குடியுரிமையும் கிட்டும் என்றும், இந்தியக் குடியுரிமையையும் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்றும் முகவர் ஒருவர் அவனிடம் சொல்லியிருந்தார். சொன்னதற்கு முன்பணமும் பெற்றிருந்தார். அம்முகவர் கூறியதில் சிறிது உண்மையும் பெரிதும் பொய்யும் கலந்திருந்தன. அவற்றைப் பிரித்தறிய எங்களுக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. பிரித்தறிந்தவற்றை இங்கே சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பிய பாட்டன்மார் இல்லாத தமிழ்க் குடும்பங்கள் இச்சங்கத்திலும் சிலவே அல்லவா?

அந்த வம்சாவழி விசா என்பது உண்மையில் உண்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு உரியது. இந்தியரும் அதில் அடங்குவர். ஆனால் பாட்டனாரோ பாட்டியாரோ பிறந்திருக்க வேண்டிய இடம் பிரிட்டிஷ் பேரரசு அன்று; பிரிட்டனே. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து, அருகில் உள்ள சில தீவுகள், 1922 மார்ச் 31க்கு முன் என்றால் தென் அயர்லாந்து. இவற்றோடு ஒரு வேடிக்கையான இடமும் சேர்க்கப்பட்டிருக்கிறது: பிரிட்டனில் பதிவு பெற்ற கப்பல். தாத்தாவும் அப்பாயியும் தோட்டத்துக்குப் போகும் வழியில், வங்கக் கடலின் நடுவே, அப்படியொரு கப்பலின் கீழ்த்தளத்தில் எங்கள் தந்தையார் பிறந்திருந்தால் பேரனுக்கு விசா கிடைத்திருக்கும். கரையிறங்கிப் பிறந்ததால் கிடைக்காது. எங்கள் மூத்த அண்ணன் இதனைக் கேட்டு, ‘அப்பா எப்போதுமே அவசரப்படாதவர்’ என்றார்.

பாட்டனார் எங்கே பிறந்தார் என்று சட்டம் கேட்கத் தொடங்கியது நெடுங்காலத்துக்கு முன் அன்று. 1960களின் இறுதியில் கென்யாவில் இருந்த இந்திய வம்சாவழியினர் பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு இலண்டனில் வந்திறங்கத் தொடங்கினர். அவர்களைத் தடுக்க 1968இல் ஒரு சட்டம் சில நாட்களுக்குள் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. கையில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருந்தாலும், தானோ பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ பிரிட்டனில் பிறந்திராவிட்டால் நினைத்தவுடன் உள்ளே நுழைய முடியாது என்றது அச்சட்டம். நிறம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. பாட்டன் என்ற சொல்லே அவ்வேலையைச் செய்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதனையே இன்னும் விரிவாக்கிற்று. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் உள்ள வெள்ளையர் பேரர்களுக்குத் திறந்த வாயில் வெல்லெஸ்லி மாகாணத்துப் பேரனுக்குத் திறக்காதது தற்செயல் என்று எங்களால் கருத முடியவில்லை.

எங்களோடு பணியாற்றிய ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவர் உண்டு. பெரம்பூர் இரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். அவருடைய குடும்பத்தில் வெள்ளைக்காரர் இருந்தது முப்பாட்டனார் காலத்தில். சென்னை மாகாணத்துத் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் அந்நாளில் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்களில் உள்ளன. நண்பர் அவற்றைத் தேடுவித்து முப்பாட்டனாரைக் கண்டுபிடித்தார். ஆனால் சட்டம் பாட்டனாரோடு நின்றுவிடுகிறது. ஒரு தலைமுறை மிகுந்துவிட்டதால் அவருக்கும் இல்லை என்றாயிற்று. வெள்ளைத் தோல் இருந்தும் கிடைக்கவில்லையே என்று அவரே சொல்லி நகைப்பார். அவருடைய தோல் எங்களுடையதைக் காட்டிலும் ஒரு படி கறுப்பு.

இவ்வளவில் எங்கள் கதை முடிந்திருக்கலாம். ஆனால் தம்பி மகன் விடவில்லை. கரையான் தின்றதற்கு மாற்றாகப் பினாங்கில் இருந்து புதிய பதிவு நகல் ஒன்றைப் பட்டர்வொர்த்தில் உள்ள உறவினர் வழியாக வரவழைத்தான். அதனை இலண்டனில் உள்ள வழக்கறிஞர் ஒருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டான். அவர் எழுதிய நான்கு பக்க மறுமொழிதான் எங்களைத் திகைக்க வைத்தது. பேரனுக்கு ஒன்றும் இல்லை என்பது முதற்பக்கத்திலேயே இருந்தது. திகைப்பு, எங்களைப் பற்றி அவர் எழுதியிருந்ததில்.

அதனைப் புரிந்துகொள்ள, பிரிட்டிஷ் பிரஜை என்ற சொல்லை அதன் பழைய பொருளில் அறிய வேண்டும். மன்னரின் ஆட்சி நிலத்தில் பிறந்தவர் எவரும் அந்நாளில் பிரிட்டிஷ் பிரஜை. கும்பகோணத்தில் பிறந்தவரும் பிரஜை; பினாங்கில் பிறந்தவரும் பிரஜை. ஆனால் புதுக்கோட்டையில் பிறந்தவர் தொண்டைமானின் குடி. பிரிட்டிஷாரின் பாதுகாப்புப் பெற்றவரே அன்றிப் பிரஜை அல்லர். மலாயாவிலும் அப்படியே. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நேரடி ஆட்சி. பேரா, சிலாங்கூர் முதலியவை சுல்தான்களின் நாடுகள். வெல்லெஸ்லி மாகாணத்து நிபோங் திபாலில் பிறந்த தோட்டப் பிள்ளை பிரஜை. சில மைல்களுக்கு அப்பால் பேராவின் பாரிட் புந்தாரில் பிறந்த பிள்ளை பாதுகாக்கப்பட்டவன். இருவரின் தந்தையரும் ஒரே கங்காணியோடு ஒரே கப்பலில் வந்தவராகவும் இருக்கலாம். எந்தத் தோட்டத்துக்கு அனுப்பினர் என்பதைப் பொறுத்தது அது.

1949 சனவரி முதல் நாள் ஒரு புதிய பிரிட்டிஷ் சட்டம் நடப்புக்கு வந்தது. இந்தியா தனி நாடாகிவிட்டமையால் இந்தியர் இந்தியாவின் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியவராயினர். பினாங்கோ இன்னும் குடியேற்ற நாடு. அங்குப் பிறந்தவர் அனைவரும் அன்று காலை, ஐக்கிய இராச்சியம் மற்றும் குடியேற்ற நாடுகளின் குடிமக்கள் என்ற நீண்ட பெயரைப் பெற்றனர். எங்கள் தந்தையார் அப்போது கும்பகோணத்துப் பக்கத்துப் பள்ளியில் அரைக்கால் சட்டையோடு அமர்ந்திருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்கு யாரும் சொல்லவுமில்லை. பின்னர் 1950 சனவரி 26 வந்தது. பெற்றோரில் ஒருவர் இந்திய மண்ணில் பிறந்து, தாம் இந்தியாவையே வாழிடமாகக் கொண்டிருந்தால் அவர் இந்தியக் குடிமகன் என்றது நம் அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு. அந்நாளில் அவர் இந்தியக் குடிமகனும் ஆனார். தாமே விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றவருக்குத்தான் 9ஆம் பிரிவு தடை. தந்தையார் விரும்பி எதையும் பெறவில்லையே!

1957இல் மலாயா விடுதலை அடைந்தபோதும், பினாங்கிலும் மலாக்காவிலும் பிறந்தவர்களின் பிரிட்டிஷ் நிலை பறிக்கப்படவில்லை. அந்நிலை தந்தை வழியாகப் பிள்ளைகளுக்கு ஒரு தலைமுறை இறங்கும். நாங்கள் நால்வரும் 1957க்கும் 1968க்கும் இடையே பம்பாயில் பிறந்தோம். பிறந்த மண்ணால் இந்தியர். தந்தையால், எங்களுக்கே தெரியாமல், மற்றதும். தாய் வழியாக இறங்காது என்பது அன்றைய பிரிட்டிஷ் சட்டம். அப்பிழையைப் பிற்காலத்தில் 2002 முதல் சிறிது சிறிதாகத் திருத்தினர். 2018இல் அவர்களின் உச்ச நீதிமன்றம் தென்னாப்பிரிக்கத் தாய் ஒருத்தியின் மகளுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்த பிறகே அது ஏறத்தாழ முழுமையுற்றது. எங்கள் அக்காவுக்கு இச்செய்தி மட்டுமே மனத்தில் நின்றது. ‘அப்பா தோட்டத்தில் பிறந்ததால் ஆயிற்று, அம்மா பிறந்திருந்தால் ஒன்றுமில்லையாம். எந்த ஊர்ச் சட்டமானாலும் இந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமை’ என்றாள்.

1983 சனவரியில் அந்த நீண்ட பெயர் மூன்றாக உடைந்தது. பிரிட்டனோடு உறவுடையவர் பிரிட்டிஷ் குடிமக்கள். எஞ்சிய சிறு குடியேற்றங்களைச் சார்ந்தவர் ஒரு வகை. எங்கும் சேராதவர் பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமக்கள். மூன்றாவது கூடையில் எங்கள் தந்தையாரையும் எங்களையும் போட்டிருந்தனர். அந்நிலைக்குக் கடவுச்சீட்டு உண்டு. பிரிட்டனில் வாழும் உரிமை இல்லை. விசா இல்லாமல் நுழையும் உரிமையும் இல்லை. பிள்ளைகளுக்கு அது இறங்குவதும் இல்லை. கல்யாண வீட்டில் பத்திரிகை வைத்துவிட்டுப் பந்தியில் இலை போடாததைப் போன்றது அது.

வழக்கறிஞரின் கடிதத்தில் ஒரே ஒரு வழி குறிப்பிடப்பட்டிருந்தது. வேறு எந்நாட்டுக் குடியுரிமையும் இல்லாத கடல்கடந்த குடிமகன், முழுப் பிரிட்டிஷ் குடிமகனாகப் பதிவு பெறலாம். ஆனால் 2002 சூலை 4க்குப் பின் தன் மற்றக் குடியுரிமையைத் தானே விட்டவனுக்கு அது கிடையாது. இந்தியக் குடியுரிமை உள்ள எங்களுக்கு வழி இல்லை. அதனைத் துறந்தாலும் வழி இல்லை. இது தெரியாமல் மலேசியாவில் சிலர் தம் மலேசியக் குடியுரிமையைத் துறந்து இலண்டனுக்குப் போய், அங்கும் ஏற்கப்படாமல் இங்கும் திரும்ப முடியாமல், நாடற்றவராய் ஆண்டுக்கணக்கில் தவித்திருக்கின்றனர். அவர்களையும் யாரோ ஒரு முகவர்தான் அனுப்பியிருப்பார்.

நம் நாட்டின் சட்டமோ இதில் கண்டிப்பானது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, விரும்பி வேறு குடியுரிமை பெற்றவன் அந்நொடியிலேயே இந்தியன் அல்லன் என்கிறது. வேறு நாட்டின் கடவுச்சீட்டை வாங்கினால் அதுவே முடிந்த முடிபான சான்று என்பது அதன் கீழமைந்த விதி. 1962இல் உச்ச நீதிமன்றமும் அவ்விதியை ஏற்றது. எங்களில் ஒருவர் ஆசைக்காக அந்த வெறும் கடவுச்சீட்டை வாங்கியிருந்தால், போகவும் முடியாத ஒரு நாட்டுக்காக இருக்கும் நாட்டை இழந்திருப்போம். 2005க்குப் பின் வழங்கப்படும் கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டையைப் பலர் இரட்டைக் குடியுரிமை என்றே எண்ணியிருக்கின்றனர். பெயர் அவ்வாறு மயக்குகிறது. அதனை உடையவருக்கு வாக்கு இல்லை, தேர்தலில் நிற்க முடியாது, விளைநிலம் வாங்க முடியாது. வந்து போகவும் இருக்கவும் ஒரு நீண்ட அனுமதி என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. காரைக்காலிலும் புதுச்சேரியிலும் 1962இல் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சா இந்தியாவா என்று எழுதிக்கொடுக்கச் சொன்னார்களே, அது நேர்மையான கேள்வி என்று எங்களுக்குத் தோன்றுகிறது. எங்கள் தந்தையாரை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

இத்தனையும் தெரிந்த பின்பும் மூத்த அண்ணனுக்கு ஓர் எண்ணம் இருந்தது. பயன் இல்லாவிட்டால் என்ன, நாங்கள் இன்னார் என்பதை அந்த அரசிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவோமே, கடவுச்சீட்டு வாங்காமல் அந்நிலையை உறுதிசெய்யும் கடிதம் மட்டும் கேட்போமே என்றார் அவர். சட்டம் என்றேனும் மாறலாம், பேரப்பிள்ளைகளுக்கு உதவலாம். நாங்கள் அதற்கான தாள்களைத் திரட்டத் தொடங்கினோம். அங்கேதான் இடறிற்று.

முதலில் பெயர். தோட்டத்துக் கிராணி தம் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல் ஒன்று. கும்பகோணத்துத் தலைமையாசிரியர் எழுதியது இன்னொன்று. தாத்தாவுக்குத் தனிப்பெயர் மட்டும். தந்தையாருக்கு முன்னெழுத்தும் பெயரும். எங்களுக்கு மும்பைப் பள்ளியில் தந்தையாரின் பெயரே குடும்பப் பெயராக ஏறிற்று. எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் பெயர் குடும்பப் பெயராயிற்று. மூன்று தலைமுறை, மூன்று குடும்பப் பெயர்கள். இவர்கள் ஒரே குடும்பம் என்று சொல்ல நம்மவருக்கு ஒரு நொடி போதும். ஓர் ஆங்கிலேய அலுவலருக்கு ஓர் ஆண்டும் போதாது.

அடுத்தது திருமணம். தந்தை வழி உரிமைக்குப் பெற்றோரின் திருமணம் சட்டப்படி மெய்ப்பிக்கப்பட வேண்டும். 1956இல் ஊர்க் கோயிலில் தாலி கட்டிய திருமணத்துக்கு ஏது பதிவு? தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததே 2009இல்தான். எங்களிடம் இருந்தவை மஞ்சள் தடவிய அழைப்பிதழ் ஒன்றும் மொய் நோட்டு ஒன்றும். மொய் நோட்டில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று எழுதியவர்களின் பட்டியலை அம்மா ஒரு பிற்பகல் முழுவதும் படித்துக்கொண்டிருந்தார். அலுவலருக்கு அது சான்றாகுமோ என்னவோ, அம்மாவுக்கு அன்று முழுதும் வேறு வேலை ஓடவில்லை.

இவற்றையெல்லாம் எப்படியேனும் தாண்டியிருக்கலாம். தாண்ட முடியாதது ஒன்று இருந்தது. பினாங்குப் பதிவில் 1934, பணிப்பதிவேட்டில் 1936. பினாங்குப் பதிவில் தோட்டம். பணிப்பதிவேட்டில் கும்பகோணத்துச் சிற்றூர். இரண்டும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டுமானால், தந்தையாரின் பள்ளிச் சான்றும் முப்பத்தொன்பது ஆண்டுப் பணிப்பதிவும் தவறானவை என்று நாங்களே உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்த ஆண்டுகளில் அவர் ஒருநாளேனும் தாமதமாக அலுவலகம் போனதாக எங்களுக்கு நினைவில்லை. அவரை, கூடுதலாக இரண்டு ஆண்டு சம்பளம் வாங்கியவர் என்று அரசாங்க முத்திரைத்தாளில் எழுதிவைப்பது பிள்ளைகளின் வேலையா?

அம்மாவுக்கு அச்சம் வேறு வகையில். அவர் குடும்ப ஓய்வூதியம் பெறுபவர். ‘பழசைக் கிளறினால் மாசப் பணத்தை நிறுத்திவிடுவானா?’ என்று கேட்டார். நிறுத்தமாட்டார்கள் என்று அண்ணன் சொன்னார். ‘உனக்கு உறுதியாகத் தெரியுமா?’ என்றார் அம்மா. அண்ணன் விடை சொல்லவில்லை. ஆண்டுதோறும் நவம்பரில் உயிரோடிருக்கிறேன் என்று வங்கிக்குப் போய்ச் சான்று கொடுத்துவரும் எண்பது வயது மூதாட்டியிடம், பயன் இல்லாத ஒரு நிலைக்காக இந்த ஐயத்தைச் சுமக்கச் சொல்வது எங்களுக்குக் கூடவில்லை. அக்கா அன்றே முடிவாகச் சொல்லிவிட்டாள்: ‘அப்பாவைப் பொய்யராக்கி நான் வெள்ளைக்காரி ஆக வேண்டா.’ அண்ணன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் தாள்களை எடுத்து மீண்டும் தகரப் பெட்டியில் வைத்தார்.

பிறப்புத் தாள்களைப் பற்றி இந்நாளில் நாட்டில் பேச்சு மிகுந்திருப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். 1987 சூலை முதல் நாளுக்கு முன் இந்தியாவில் பிறந்தவர், சட்டத்தில் கூறிய சில விலக்குகள் தவிர, பிறந்ததாலேயே இந்தியக் குடிமக்கள். தந்தையார் எங்கே பிறந்தார் என்ற கேள்வி அவர்களுக்கு இல்லை. அதற்குப் பின் 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருந்திருக்க வேண்டும். அதன் பின் இன்னும் இறுக்கம். மலாயாவிலும் பர்மாவிலும் பிறந்த பெற்றோரை உடையவர்கள் வீண் அச்சம் கொள்ள வேண்டா. ஆனால் பெட்டியில் உள்ள தாளைக் கரையானுக்குக் கொடுத்துவிடவும் வேண்டா.

பினாங்கிலிருந்து வந்த புதிய நகலில் நாங்கள் எதிர்பாராத செய்தி ஒன்று இருந்தது. பழைய தாளில் கரையான் தின்ற பகுதியில்தான் தாயின் பெயர் இருந்திருக்கிறது. அப்பாயி 1944இல் இறந்தவர். அவருக்குப் படம் இல்லை. அடக்கம் செய்த இடமும் தெரியாது. தாத்தா அவரைப் பெயர் சொல்லிக் குறித்ததே இல்லை. தந்தையாருக்கு அவர் அம்மா, அவ்வளவே. ஆண்டுத் திவசத்தில் புரோகிதர் பெயர் கேட்கும்போதெல்லாம் தந்தையார் குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். நகலில் அவருடைய பெயர் இருந்தது. வயது பத்தொன்பது என்று இருந்தது. தொழில் என்ற இடத்தில், பால் வெட்டுபவர் என்பதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அண்ணன் அதனைச் சத்தமாகப் படித்தார். அம்மா, தம் மாமியாரின் பெயரைத் திருமணம் ஆகி அறுபது ஆண்டுக்குப் பின் முதன்முதலாகக் கேட்டார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அந்த ஆண்டுத் திவசத்தில் புரோகிதரிடம் அப்பெயரைச் சொன்னோம்.

தம்பி மகன் முகவரிடம் கொடுத்த முன்பணம் திரும்பவில்லை. அவன் மேலும் மூன்று ஆண்டு புனேயில் வேலை பார்த்துவிட்டு, பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்று வேலைக்கு அழைத்ததன் பேரில் மற்றவர்களைப் போலவே சாதாரண வேலை விசாவுக்கு விண்ணப்பித்தான். விண்ணப்பத்தில் தந்தையின் குடியுரிமை என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. அவன் கணிப்பொறியின் முன் அமர்ந்தபடியே, ‘அப்பா, உங்களுக்கு எது என்று போடட்டும்?’ என்று கேட்டான். தம்பி செய்தித்தாளைத் தாழ்த்தாமலே, ‘ஏன், உனக்குத் தெரியாதா? இந்தியா என்று போடு’ என்றான்.